மூட்டையை அள்ளிட்டா முடிஞ்சுதா?

ஆசிரியருக்கு வணக்கம்,

2025 மே 25ஆம் தேதி கேரளா கடல்ல எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்குனப்போ உங்க பேப்பர்ல தினமும் செய்தி வந்துச்சு, கண்டெய்னர் கரை ஒதுங்குன போட்டோ எல்லாம் பெருசு பெருசா போட்டீங்க, அப்புறம் அதுல இருந்து ஒதுங்குன மூட்டையெல்லாம் அள்ளிட்டுப் போனதோட பேச்சு அமுங்கிப்போச்சு. ஆனா மூட்டை கிழிஞ்சு கொட்டுன பிளாஸ்டிக் குருணை (பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்குற மூலப்பொருள்) எங்க குமரி மாவட்டத்துல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் போயிருக்கே, அதை யாரு அள்ளுறது?

ஜவ்வரிசி சைஸ்ல வெள்ளையா இருக்கும். ஒண்ணு 20 மில்லிகிராம்தான் வரும், அப்போ 25 கிலோ மூட்டை ஒண்ணுலயே 10 லட்சத்துக்கு மேல. மணலை பக்கெட் தண்ணியில போட்டு கலக்குனா குருணை மேல மிதக்கும், கூடவே காஞ்ச பாசியும் தெர்மாகோல் தூளும் மிதக்கும், அதுல இருந்து கையால பொறுக்கணும். நண்டு வளை தோண்டி வெளிய தள்ளுற மண்ணுலகூட கெடக்கு, ஆடிக் கடல் அடிச்சா அடியில போனதெல்லாம் திரும்ப மேல வருது.

பிளாஸ்டிக்தானே, விஷமா என்னன்னு ஒரு அண்ணாச்சி கேட்டார். மீனுக்கும் பறவைக்கும் அது சினை மாதிரி தெரியுது, முழுங்கிடுது, செரிக்காது, வயிறு ரொம்புன மாதிரியே இருக்கும் உடம்புல சத்து ஏறாது. ஆமைக்குஞ்சு பாசி மிதக்குற எடத்துலதான் வளரும், குருணையும் அங்கதான் போயி சேருது. போதாக்குறைக்கு தண்ணியில கலந்திருக்க எண்ணெய், பூச்சிமருந்து எல்லாம் அது மேல ஒட்டிக்கும்.

2021ல கொழும்பு பக்கத்துல எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சப்போ சுமார் 1,680 டன் குருணை கடல்ல கொட்டுச்சு, கூடவே நைட்ரிக் ஆசிட் வேற. 400க்கு மேல ஆமை செத்து ஒதுங்குச்சு, மீன் செவுள்ல குருணை சிக்கியிருந்த போட்டோவ உலகமே பாத்துச்சு. எரிஞ்ச குருணை கறுத்து கல்லு மாதிரி ஆயிட்டதால பொறுக்குறவங்க கண்ணுக்கே படலையாம். இலங்கை சுப்ரீம் கோர்ட் 100 கோடி டாலர் நஷ்டஈடு கட்டச் சொல்லி தீர்ப்பு சொல்லவே 2025 ஜூலை ஆயிடுச்சு.

இவ்ளோ நடந்தும் குருணை இன்னும் அபாய சரக்கு லிஸ்ட்ல வரல. நல்ல பேக்கிங் பண்ணுங்க, டெக்குக்கு கீழ வைங்கன்னு சர்வதேச கடல்சார் அமைப்பு 2024ல சொன்னதும் வெறும் பரிந்துரைதான், கேட்டா கேட்கலாம் கேக்காட்டி விட்டுடலாம். அதை கட்டாயமாக்கச் சொல்லி நம்ம எம்பிங்க யாராவது பார்லிமெண்ட்ல வாய தொறந்தாங்களான்னு உங்க டெல்லி நிருபர விசாரிச்சு ஒரு செய்தி போடச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளச்சல்