கோப்புக் கருவி எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ், பிஎஸ்டி போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில், கட்டளையைத் தட்டச்சு செய்யும் டெர்மினலுக்குச் சின்னச் சின்னக் கருவிகள் எழுதி இலவசமாகத் தரும் நண்பர்களுக்கு வணக்கம்.

பெயர் மாற்ற ஒன்று, இரட்டைக் கோப்புகளைத் தேட ஒன்று என்று உங்கள் கருவிகளை நம்பித்தான் என் ஸ்கிரிப்டுகள் ஓடுகின்றன. அந்த உரிமையில் கேட்கிறேன். புது ஆப்ஷன் சேர்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, கோப்புப் பெயரைக் கவனியுங்கள்.

யுனிக்ஸில் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர அதில் எதுவும் வரலாம், வரி முறிவுகூட. வரிக்கு ஒரு பெயர் என்று உங்கள் கருவி அச்சிட்டால், அப்படிப்பட்ட ஒரு கோப்பு இரண்டாகத் தெரியும். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப்பின் மறுமுனையில், கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’டில் ‘-பிரிண்ட்0’, பெயர்ப் பட்டியலை வாங்கி வேறு கட்டளைக்குக் கொடுக்கும் ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ஸில் ‘-0’ இருப்பது இதற்காகத்தான்: பெயர்களை வரி முறிவால் அல்ல, பூஜ்ய பைட்டால் பிரிக்க. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் 2024 பதிப்பிலேயே இரண்டும் சேர்ந்தாகிவிட்டது. உங்கள் கருவியில் வேறு எது இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘கோ’ என்ற ஓரெழுத்துக்கே ‘க’, ஓகாரக் குறி என இரண்டு குறியீடு, 6 பைட். லினக்ஸில் பரவலான எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயரின் உச்சவரம்பு 255 பைட், அதாவது 85 குறியீடுகள். பெயரோடு தேதியை ஒட்டும் கருவி இந்த வரம்பில் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். அப்போது பைட் கணக்கில் வெட்டி எழுத்தை உடைக்காதீர்கள். முடியவில்லை என்று சொல்லிவிட்டு நில்லுங்கள், போதும்.

அந்த ‘கோ’வையே இன்னொரு விதமாகவும் எழுதலாம்: ஓகாரக் குறிக்குப் பதில் ஏகாரக் குறியும் துணைக்காலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலுக்கு வேறு வேறு கோப்பு. நல்லெண்ணத்தில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும் கருவிதான் ஆபத்து. பெயர் மாற்றக் கருவிகள் கர்னலிடம் கேட்கும் ரீநேம் சிஸ்டம் கால், அதே பெயரில் இருக்கும் கோப்பைக் கேட்காமல் அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பெயரைத் திருத்துவது தனி வேலை; வேண்டுமானால் அதற்குத் தனிக் கருவி எழுதுங்கள். கோப்பை அப்படியே காட்டும் ‘கேட்’ கட்டளையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைத் தெரியவைக்கும் ‘-வி’ ஆப்ஷனை முன்வைத்து, பெல் ஆய்வகத்தின் ராப் பைக் 1983இல் யூஸ்னிக்ஸ் என்ற யுனிக்ஸ் பயனர் சங்கத்தின் மாநாட்டில் கிளப்பிய சண்டையும் இதேதான்.

அப்புறம், வேலை ஒழுங்காக முடிந்தால் கல்யாண வீட்டு மைக்செட் மாதிரி அறிவிக்க வேண்டாம். பிழைச் செய்தி, அதற்கென்றே உள்ள தனி வெளியீட்டு வழியான ஸ்டாண்டர்ட் எரரில் போகட்டும். பத்துக் கோப்பில் ஒன்று தவறினாலும் கருவி முடியும்போது விட்டுச்செல்லும் எக்ஸிட் கோடு, வெற்றியைக் குறிக்கும் பூஜ்யமாக இருக்கக் கூடாது. என் ஸ்கிரிப்ட் பார்ப்பது அதை மட்டும்தான், உங்கள் பச்சை நிற டிக் குறியை அல்ல.

அடுத்த வெளியீட்டுக்கு முன் சோதனை ஃபோல்டரில் நடுவே வரி முறிவு உள்ள பெயர் ஒன்று, ஆப்ஷன் போலவே கழித்தல் குறியில் தொடங்கும் பெயர் ஒன்று, இரு வடிவ ‘கோ’ ஒரு ஜோடி போட்டு ஓட்டிப் பாருங்கள். ‘--’க்குப் பின்னால் வருவதெல்லாம் ஆப்ஷன் அல்ல, கோப்புப் பெயர்தான் என்று கருவி எடுத்துக்கொள்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பயனர்களில் ஒருவன்