சதுக்கத்துக்குப் போன எதிர்க்கட்சி

உலான்பாதர், மங்கோலியா
ஜூன் 2025

அன்புள்ள செல்வம்,

ஒன்றரை வருடமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அப்பா காலமானபோதுகூட போனில் இரண்டு நிமிடம் பேசியதோடு சரி, அது இன்னும் மனதை உறுத்துகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். சின்னவள் மங்கோலிய மொழியிலேயே சண்டை போடுகிறாள், உன் பழைய கணக்கு வாத்தியார் குரலில்!

எழுத உட்கார்ந்த காரணம், ஜூன் 3 அன்று இங்கே பிரதமர் ஒயூன்எர்தேன் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுப் பதவி இழந்தது. 126 பேர் அவையில் 64 வேண்டும், கிடைத்தது 44தான்.

போன வருடம் ஜூன் 28 தேர்தல் அன்று கீழ்வீட்டுப் பாட்டி தேல் என்கிற நீண்ட அங்கியை நீலப் பட்டில் உடுத்தி, இடுப்புத் துணியை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஓட்டுப் போடப் போனாள். அவளுக்கு ஓட்டு அவ்வளவு பெரிய விஷயம். 1990 மார்ச்சில் ஜனநாயகம் கேட்டு சுக்பாதர் சதுக்கத்தில் பத்துப் பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது குளிரில் பக்கத்தில் நின்றவள் அவள். 1921 முதல் ஒரே கட்சி ஆண்ட நாடு, ஆனாலும் தலைவர் பத்மோங்க் படையை ஏவும் உத்தரவில் கையெழுத்துப் போட மறுத்தார், மூன்றாம் நாளே கட்சியின் தலைமை அரசியல் குழு விலகியது, ரத்தம் சிந்தவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த ஓட்டுக்கு நியாயமான பலன் கிடைக்கவில்லை என்பதுதான் பல வருடக் குறை. 2016இல் மக்கள் கட்சி (பழைய ஆளுங்கட்சியேதான், 2010இல் பெயர் மாற்றிக்கொண்டது) 45 சதவீத ஓட்டில் 76க்கு 65 இடம் எடுத்தது. அதைச் சரிசெய்யத்தான் 2023இல் அவையை 126 ஆக்கி, 48 இடங்களை ஓட்டு விகிதப்படி கட்சிப் பட்டியலுக்கு ஒதுக்கினார்கள். போன வருடத் தேர்தலில் பலன் நன்றாகவே வந்தது: மக்கள் கட்சி 68, ஜனநாயகக் கட்சி 42, ஹுன் கட்சி 8. ஐந்து கட்சிகள் அவைக்குள் வந்தன. நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் அந்த மூன்று கட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்து மந்திரிசபை அமைத்துக்கொண்டன! ரயில் பாதை, மின்நிலையம் என்று 14 பெரிய திட்டங்களை ஒற்றுமையாக முடிக்கலாம் என்றார்கள். நீயே கூட்டிப் பார் செல்வம், எதிர் வரிசையில் மிச்சம் எட்டே பேர். நிலக்கரிக் காசு எங்கே போகிறது என்று 2022 டிசம்பர் குளிரில் தெருவுக்கு வந்து கேட்ட ஜனங்களுக்கு, அவைக்குள் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. கூட்டணி நல்லதுதானே என்று நீ வாதாடுவாய், தெரியும். நூற்றுப் பதினெட்டுப் பேர் ஒரே பக்கம் உட்கார்ந்தால் கணக்குக் கேட்பவர் யார், அதைச் சொல்லு.

கேட்டது சதுக்கம்தான். மே மாதம், பிரதமரின் மகனுடைய வருங்கால மனைவி விலை உயர்ந்த கைப்பைகளோடு இருக்கிற படங்கள் பரவ, இளைஞர்கள் திரண்டார்கள். தப்பு ஏதும் செய்யவில்லை என்று பிரதமர் மறுத்தார். "ராஜினாமா செய்வது எளிது" என்பதுதான் முழக்கம். ஜனநாயகக் கட்சியின் இளம் எம்.பி.க்கள் சிலர் அவர்களோடு சேர, மக்கள் கட்சி அந்தக் கட்சியையே கூட்டணியிலிருந்து வெளியேற்றியது. ஒருநாள் மாலை நானும் ஓரமாகப் போய் நின்றேன். அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. பாட்டி அவளுக்கு பிளாஸ்கிலிருந்து உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் பயமும் இருக்கிறது. அதே 2025 ஜூனில் பிரதமரான சந்தன்ஷதரும் மக்கள் கட்சிதான். ஆளை மாற்ற ஒவ்வொரு தடவையும் சதுக்கத்துக்கு வர வேண்டுமென்றால், 2028 தேர்தலில் அந்தப் பெண் ஓட்டுப் போட வருவாளா? 2008இல் தேர்தல் முடிவை எதிர்த்துக் கலவரம் வெடித்து ஐந்து பேர் செத்த ஊர் இது. பாட்டியிடம் கேட்டேன், அவள் பதில் சொல்லவில்லை.

சரி, ஜூலை 11 நாதம் திருவிழாவுக்கு விடுமுறை, அப்போது நிதானமாகப் போன் செய்கிறேன். அம்மாவுக்கு இங்கிருந்து ஒட்டக ரோமக் காலுறை அனுப்பலாம் என்று நினைக்கிறேன், அளவு சொல்லு.

உன்
முத்து