கலியாணத்துக்கு வா

வெள்ளவத்தை

அன்பு மகனுக்கு,

பெரியப்பா வீட்டுக் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றாயாம். அம்மா சொன்னா. கொரோனாக் காலத்தில் அவர் வட்ஸ்அப்பில் எழுதியது உனக்கு இன்னும் ஆறவில்லை. "செத்த உடம்பு, எரித்தால் என்ன, புதைத்தால் என்ன?"

அவர் சொன்னது பிழைதான். இரண்டுமே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரலில் கொரோனாவில் செத்த எல்லாருடைய உடல்களையும் எரிக்கச் சொல்லி இங்கே இலங்கையில் வர்த்தமானி வந்தது. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். அதை எதிர்த்துப் பொரளை கனத்தை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. கீழ்மாடி உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டேன் என்று நின்றார். சாவுக்குப் பயமில்லை, எரித்துவிடுவார்களே என்ற பயம். பனடோலும் கொத்தமல்லித் தண்ணியுமாகத்தான் தப்பினார். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய விட்டார்கள்; 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

ஆனால் பெரியப்பாவின் இன்னொரு கதை உனக்குத் தெரியுமா? 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, அரசாங்க உத்தியோகத்தில் இருந்த அப்பப்பா சிங்களச் சோதனை எழுத மறுத்தார். சம்பள உயர்வை நிறுத்தினார்கள். (கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் போட்ட வழக்கும் இதே விஷயம்தான், அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது.) "ஒரு சோதனைதானே, எழுதிவிட்டுப் போமன்" என்று கந்தோரில் எத்தனை பேர் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது பெரியப்பாவுக்கு இப்போதும் குரல் உயரும். அப்படிப்பட்ட மனுசன்தான் "எரித்தால் என்ன" என்று எழுதினார்!

அடுத்தவன் உயிராய் நினைப்பது நமக்குச் சின்னக் காரியமாகத் தெரியும். இஸ்ரேலியரிடமும் பலஸ்தீனரிடமும் ஸ்கொட் அட்ரன் என்ற மானிடவியலாளரின் குழுவினர் செய்து 2007இல் வெளிவந்த ஆய்வை வாசித்தேன். இப்படியான விஷயத்தை விட்டுக்கொடுக்கக் காசு தருவதாகச் சொன்னால் கோபம் கூடுகிறதாம். எதிர்த்தரப்பும் தான் உயிராய் நினைப்பதில் ஒன்றை விட்டால் இறங்கி வருகிறார்களாம். இது எனக்கு அதிசயமாகப் படவில்லை, அப்பப்பாவிடமும் காசைக் காட்டித்தானே பார்த்தார்கள்.

உன் கோபம் நியாயமானது, அதை விடு என்று கேட்கவில்லை. ஆனால் இதை வட்ஸ்அப்பில் கதைக்காதே. அதில் அவருக்கு எழுத்துப் பிழை பிடிக்கத்தான் தெரியும். நேரில் வந்து, முதலில் அப்பப்பாவின் கதையை அவர் வாயாலேயே சொல்ல விடு. அப்புறம் உம்மாவின் காய்ச்சலைச் சொல். அவர் எழும்பிப் போனாலும் போகலாம். சரி, போகட்டும், கேட்டுவிட்டுத்தானே போவார்.

கலியாணம் ஆவணியில். லீவை இப்போதே கேட்டு வை, டிக்கெட் விலை ஏறுகிறது.

அன்புடன்,
அப்பா