ரேக் பார் இல்லாத மலை

அன்புள்ள தம்பிக்கு,

சுவிட்சர்லாந்திலிருந்து நல்லபடியாகக் குன்னூர் வந்து சேர்ந்தோம். அம்மா மறுநாளே மாவரைக்க உட்கார்ந்துவிட்டாள். "பெர்னினா ரயில் எப்படிப்பா இருந்துச்சு" என்று போனில் கேட்டாய், "நல்லா இருந்துச்சு" என்று வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீங்களெல்லாம் தங்கிவிட்டு என்னை மட்டும் ஏற்றிவிட்டாயே, அந்தக் கதையை இப்போது எழுதுகிறேன்.

கூர் ஸ்டேஷனில் சிவப்பு ரயில் வந்து நின்றதும் நான் குனிந்து தண்டவாளத்தைத்தான் பார்த்தேன். நம்ம ஊட்டி ரயில் மாதிரியே மீட்டர் கேஜ். ஆனால் நடுவில் ரேக் பார் இல்லை, அதாவது இன்ஜினின் பல் சக்கரம் கடித்து ஏறும் பல் வைத்த கம்பி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், பல் சக்கரம் இல்லாமல் நம் வண்டி நகராது. பெர்னினா பாதையில் 1000-க்கு 70, அதாவது 14-க்கு 1. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அதைச் சும்மா சக்கரத்தை வைத்தே ஏறுகிறார்கள்! 1910-இல் பாதை முழுசாகத் திறந்தபோதே மின்சார வண்டிதானாம். நீராவி இன்ஜினில் பிஸ்டன் தள்ளத் தள்ள இழுவை ஏறி இறங்கும், ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். மோட்டார் சீராக இழுக்கும். புத்திக்குப் புரிகிறது, வயிற்றுக்குப் புரியவில்லை.

ஃபிலிசூருக்கு முன்னால் லாண்ட்வாசர் பாலம், 65 மீட்டர் உயரம், கல் கட்டடம். வளைந்துகொண்டே போய் நேராகப் பாறைக்குள் நுழைந்துவிடுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது பெர்குனுக்கு அப்புறம். பிரேடா போவதற்குள் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதனால் வண்டி மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரே சர்ச் ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். பெர்குனில் கிழவர்கள்கூட சறுக்குப் பலகையோடு ஏறினார்கள். குளிர்காலத்தில் பிரேடா ரோட்டை மூடி, அதில் கீழே சறுக்கி வருவார்களாம். சீசன் முடிகிற நேரம், விட மனசில்லை போல.

ஓஸ்பிட்சியோ பெர்னினாவில் 2253 மீட்டர். மார்ச் மாதம், ஆனால் அங்கே வசந்தம் வந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. வெள்ளை ஏரி என்று எழுதியிருந்த இடத்தில் பெரிய மைதானம்தான் தெரிந்தது, அவ்வளவு பனி. இந்த ஏரித் தண்ணீர் தெற்கே இறங்கி அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. பக்கத்திலேயே இருக்கும் கருப்பு ஏரியின் தண்ணீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு.

அதற்குப் பிறகு நான் வேடிக்கை பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அங்கிருந்து, பாதை முடியும் இத்தாலி ஊரான திரானோ வரை நாற்பது கிலோமீட்டருக்குள் 1800 மீட்டர் இறக்கம். ஊட்டி ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவனுக்கு இறக்கத்தில் கை சும்மா இருக்குமா? நம் வண்டியில் பெட்டிக்கு ஓர் ஆள் நிற்போம், கொடியைப் பார்த்துப் பிரேக் போடுவோம். இங்கே ஒருத்தரும் இல்லை. ஆபத்துக்குத் தண்டவாளத்தையே பிடித்துக்கொள்ளும் காந்தப் பிரேக் இருக்கிறதாம். இருந்தாலும் ஆல்ப் க்ரூம் தாண்டி வளைவுக்கு வளைவு இருக்கைப் பிடியை இறுக்கிக்கொண்டே வந்தேன்.

பொஸ்கியாவோவில் பனி போய்ப் புல் தெரிந்தது. புரூசியோவில் வெட்டவெளியில் ஒரு வட்டப் பாலம், வண்டி தன் பாதைக்குக் கீழேயே நுழைந்து போகிறது. திரானோவில் கோயில் வாசல் ரோட்டிலேயே ஓடுகிறது, கார்கள் ஒதுங்கி நிற்கின்றன. அங்கே வெயிலில் உட்கார்ந்து காபி குடித்தேன். காலையில் போட்ட ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. குளிர் என்பாள், கேட்காதே. கண்ணாடிக் கூரை வண்டிக்கு சீட்டு முன்பதிவு வேண்டும். சாதாரண வண்டியும் அதே பாதைதான், சில பெட்டிகளில் ஜன்னல் திறக்கும். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள்.

இன்னொன்று. ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் கிளாஸ் இன்ஜின்கள் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்தவை. நீ வேலைக்குப் போகும் ஊரின் பெயரை நான் சர்வீஸ் முழுக்க இன்ஜின் தகட்டில் பார்த்திருக்கிறேன். பெர்னினாவில் பனி தள்ளும் பழைய நீராவி வண்டியும் அந்தத் தொழிற்சாலையில்தான் செய்தார்களாம். அது இருந்த இடம் எங்கே என்று விசாரித்து நாலு போட்டோ அனுப்பு. ஷெட்டில் காட்ட வேண்டும்.

பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

அன்புடன்,
அப்பா