அண்ணனுக்கு, ஆறு கொத்துப் புதினாவோடு

அண்ணே,

நேற்று அப்பாவுக்குத் தலைத்திவசம் முடிந்தது. யார் வந்தார்கள், யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாததை எழுதுகிறேன். படையலில் இலைக்குப் பக்கத்தில் ஒரு உயரமான கண்ணாடி டம்ளர் வைத்தேன். உள்ளே ஐஸ், எலுமிச்சை, புதினா. மிச்சம் உனக்குத் தெரியும். அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது, யார் வாங்கி வந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். சித்தப்பா வீட்டில் இதைப் படிக்கிறார்கள், என் மாமியார் பக்கத்திலும் படிக்கிறார்கள். கேட்டவர்களிடம் எலுமிச்சை ஜூஸ் என்றேன். அதில் எலுமிச்சையும் இருந்தது, ஜூஸும் இருந்தது.

முதலில் போட்டது கசந்துவிட்டது. துவையல் அரைத்துப் பழகிய கை, புதினாவை அம்மியில் வைத்து ஒரே இழுப்பு. கீழே கொட்டிய பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. "இலையைக் கொல்லாத பாப்பா. வாசனை எண்ணெயெல்லாம் மேல்தோல்லயே இருக்கு. நசுக்குனா பச்சைக் கசப்புதான் இறங்கும்." ஆறு கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கொசு அடிக்கிற மாதிரி ஒரே தட்டு. மாடி முழுக்க மணந்தது.

2019 ஏப்ரல் 18. காலையில் தேரோட்டம், அன்றைக்கே எம்.பி. தேர்தல். சித்திரைத் திருவிழாவுக்காக நம்ம மதுரையில் மட்டும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஓட்டுப் போட விட்டார்களே, அந்த நாள். 16ஆம் தேதியே டாஸ்மாக்கை அடைத்துவிட்டார்கள். அப்பா வாங்கி வைத்திருந்தது முதல் நாளே தீர்ந்துபோய், மூன்றாம் நாளாக வீட்டுக்குள் எதையாவது தட்டிக்கொண்டே திரிந்தார். தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை. வேட்டுச் சத்தம் செல்லூர் வரைக்கும் கேட்டது. புழுக்கம் தாங்காமல் நாம் மொட்டைமாடியில். விமான நிலையத்தில் வாங்கிய வெள்ளை ரம் உன் பையில்.

ஐஸைத் துண்டில் சுற்றி அம்மிக்குழவியால் நீ உடைத்தது, முனைக்கடையில் வாங்கி வந்த கோலி சோடாவை உடைக்கும்போது சட்டையெல்லாம் நனைந்தது, ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது. சாறு 20 மில்லி, சீனி இரண்டு தேக்கரண்டி. சாராயம் சேர்ந்தால் சீனி சரியாகக் கரையாது என்று அதை முதலிலேயே சாற்றில் கரைத்தாய். புதினா போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் சும்மா ஒரு அழுத்து. அப்புறம் ரம் 45 மில்லி, ஐஸ், கடைசியில் சோடா. "இதுக்குப் பேரு மொஹிட்டோ. கியூபாக்காரன் கண்டுபிடிச்சான். அலங்காநல்லூர் ஆலைப் பக்கம் போனா மூக்கைப் பொத்துவியே, அந்த மாதிரிக் கழிவுப்பாகுலதான் ரம்மே வருது" என்று சிரித்தாய். "அப்பாவோட ஒரு குவார்ட்டர்ல நான் நாலு கிளாஸ் போட்டுருவேன்" என்றும் சொன்னாய்.

அம்மாவுக்கு ரம் இல்லாமல் ஒன்று. குடித்துப் பார்த்துவிட்டு, "பானகத்துல சுக்குப் போட மறந்துட்டியேடா" என்றாள். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு! அதற்கப்புறம் நான் அப்படிச் சிரித்ததில்லை. சும்மா சொல்லவில்லை.

சத்தம் கேட்டுத்தான் அப்பா மேலே வந்தார். நீ உன் டம்ளரை நீட்டினாய். அவர் கை நடுங்கியது. நின்றபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார், உதட்டில் ஒட்டியிருந்த இலையைத் துடைத்தார், டம்ளரைக் கைப்பிடிச்சுவரில் வைத்தார். "இதைத்தான் கப்பல்ல ஊத்திக் குடுக்கிறியாக்கும்."

நீ என்னைத்தான் பார்த்தாய்.

ஆமாம், நான்தான் சொன்னேன். நீ வருவதற்கு ஒரு வாரம் முன்னால். இத்தனை வருஷம் இதை ஒத்துக்கொள்ளாமல் இருந்தது தப்பு, மன்னித்துவிடு. ஆனால் நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். ராத்திரிக்கு ராத்திரி குடித்துவிட்டு வந்து, "என் மகன் கப்பல்ல ஆபீசர்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார். என் படிப்பை நிறுத்தியதை ஒருநாளாவது பேசினாரா? அன்றைக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. "நீங்க குடிக்கிறதைத்தான் அவன் ஊத்திக் குடுக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அவரைக் குத்தத்தான் சொன்னேன். அது உன் மேல் பாயும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும்.

அழகர் ஆற்றில் இறங்குவதைக்கூடப் பார்க்காமல் விடியற்காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். போனது உன் இஷ்டம். கடைசி நாலு மாசம் அவருக்கு மலம் மூத்திரம் அள்ளியது நான். நீ பணம் அனுப்பினாய். பணம் சரியாகத்தான் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி அவர் என்னிடம் கேட்ட ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுத முடியாது. நேரில்தான்.

இரண்டாவது டம்ளர் நன்றாக வந்தது. அதைத்தான் படையலில் வைத்தேன். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் பாதி ஐஸ் கரைந்துவிட்டது. அப்புறம் அதைக் குடித்தது யார் என்று சொல்ல மாட்டேன். "இன்னொரு கிளாஸ் ஜூஸ் இருக்காம்மா" என்று கேட்டார், அவ்வளவுதான். மாடியில் உடைந்த பெயிண்ட் வாளியில் இருக்கிற புதினா நீ நட்டதுதான். எத்தனை கோடைக்குக் காய்ந்தாலும் தண்ணீர் காட்டினால் திரும்பத் துளிர்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போடு. ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம். அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது, கத்திப் பேச வேண்டியிருக்கிறது, நாம் பேசுவதெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது.

பாப்பா