இரண்டாவது ஸ்கேனுக்கும் சேர்த்துக் கொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

கழுத்துத் தமனியில் கொழுப்பு படிந்திருப்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். அந்தப் படிவில் அழற்சி இருக்கிறதா, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கு அது அடங்குகிறதா என்பதை அறிய, கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் பெட்-சிடி ஸ்கேன் வேண்டும். அழற்சியுள்ள படிவில் குவியும் மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும். கதிரியக்கம் ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற எஃப்டிஜியை ஊசியில் ஏற்றினால் அந்த இடம் படத்தில் ஒளிரும். அட்டார்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கிய 4 வாரத்திலேயே இந்த ஒளிர்வு குறைவதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் திட்டத்தில் 20 பேர். ஸ்டாட்டின் தொடங்குமுன் ஒரு ஸ்கேன், 12 வாரம் கழித்து ஒன்று. ஸ்கேனுக்காக யாருக்கும் மருந்து தள்ளிப்போடப்படாது.

முதல் ஸ்கேனுக்குப் பணம் கிடைத்துவிடும். இரண்டாவதற்குத்தான் தட்டுப்பாடு. அது இல்லாவிட்டால் முதல் ஸ்கேனால் பயனில்லை. நோயாளி வாங்கிய கதிர்வீச்சும் வீண்.

இரண்டும் ஒரே மாதிரி எடுக்கப்பட வேண்டும். 6 மணி நேரம் வெறும் வயிறு, ரத்தச் சர்க்கரை 130-க்குள், உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 4 மெகாபெக்கரல் (கதிரியக்க அளவின் அலகு) எஃப்டிஜி, ஊசி போட்டு 2 மணி நேரம் கழித்துப் படம். தமனிச் சுவரில் உள்ள எஃப்டிஜி அளவைச் சிரை ரத்தத்தில் உள்ள அளவால் வகுத்துத்தான் கணக்கிடுகிறோம். முதல் முறை 2 மணி நேரம் காத்திருந்து, அடுத்த முறை அவசரத்தில் 1 மணி நேரத்திலேயே எடுத்தால், ரத்தத்தில் எஃப்டிஜி மிச்சமிருக்கும், விகிதம் குறையும், மாத்திரை வேலை செய்ததாகப் பொய்யாகத் தெரியும். காலையில் சர்க்கரை போட்ட டீ குடித்துவிட்டு வந்தாலும் இதே கதிதான்: இன்சுலின் சுரந்து குளுக்கோஸைத் தசைக்குள் தள்ளிவிடும். இயந்திரத்தையும் மாற்றக் கூடாது. சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். பெட் பிரித்துக் காட்டுவதே 4, 5 மில்லிமீட்டர், அதனால் இயந்திரம் மாறினால் அளவும் மாறிவிடும்.

எஃப்டிஜியின் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். பஸ் தாமதமானால் அந்த டோஸ் போயிற்று. அதனால்தான் வெளியூர்க்காரர்களை முந்தின இரவே வரவழைத்துத் தங்கவைக்கக் கேட்கிறோம். இந்தச் செலவைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு, குறைக்க மாட்டோம்.

ஒருவருக்கு 2 ஸ்கேன் ரூ.30,000, பயணம், தங்கல், உணவு ரூ.4,000. 20 பேருக்கு மொத்தம் ரூ.6,80,000. முடிந்தவர்கள் ஒருவருடைய முழுச் செலவான ரூ.34,000-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள். சிறு தொகைகளைச் சேர்த்து வைத்து, முழுத் தொகை நிறைந்த பிறகே அடுத்தவரைச் சேர்ப்போம். பாதிப் பணத்தில் யாருக்கும் ஊசி போட மாட்டோம்.

இது ஆய்வு, ஸ்கேன் முடிவை வைத்து எவருடைய மாத்திரையும் நிறுத்தப்படாது. பணம் தருபவர்கள் பொருளாளரிடம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திட்டக் குழுவினர்