1855ஐ மட்டும் திறந்துவிடுங்கள்

ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில், தோட்டம் நடத்திய வெள்ளைக்காரரைத் 'துரை' என்போம். அந்தத் துரைமாரில் பலர் உங்கள் நாட்டின் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயர்க்காரர். அவருடைய கடிதங்கள் எடின்பரோவில், உங்கள் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கூலிக்கு வந்த எங்கள் ஆட்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த எனக்கு, துரைமார் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து கிளம்பினார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. அப்படித்தான் உங்கள் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளுக்குள் நுழைந்தேன்.

அங்கே என்னைப் பிடித்துக்கொண்டது 1855. அதற்கு முன்பு இருந்தவை திருச்சபைப் பதிவேடுகள். ஓர் ஊரில் விவரமாக இருக்கும், அடுத்த ஊரில் ஒற்றை வரி. அந்த வருடம் ஜனவரி 1 முதல் அரசே பதியத் தொடங்கியது. முதல் வருட உற்சாகம்! இறந்தவர் எங்கே பிறந்தார், இந்த ஊரில் எத்தனை காலம் இருந்தார், பெற்றோர் யார், துணை யார், பிள்ளைகளின் பெயரும் வயதும் என்ன என்று எல்லாம் கேட்டார்கள். பதிவாளர்களுக்குச் சுமை தாங்கவில்லை. அடுத்த வருடமே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். ஒரு சாவுக் குறிப்பிலிருந்து குடும்பமே எழுந்து வருவது அந்த ஒரு வருடத்தில்தான்.

உங்கள் இணையதளத்தில் பெயரைத் தேடக் காசு இல்லை. பக்கத்தின் படத்தைப் பார்க்கத்தான் கட்டணம். சொந்தக் கொள்ளுத்தாத்தாவைத் தேடுபவருக்கு நாலைந்து படம் போதும், சரி. ஓர் ஊரைப் புரிந்துகொள்ள நினைப்பவர் அந்த ஊரின் பதிவேட்டை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். எடின்பரோவுக்கு நேரில் வந்தால் நாள் கட்டணம் கட்டி எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் இருப்பது எடின்பரோவில் இல்லையே.

கட்டணப் பணம் உங்களுக்குத் தேவை என்பது புரிகிறது. ஆனால் திருச்சபை மூப்பர்களின் கூட்டக் குறிப்புகளை 2021இல் நீங்களே இலவசமாகப் பார்க்கத் தந்தீர்கள். யார் குடித்துவிட்டு வந்தார், யாருடைய குழந்தைக்கு யார் அப்பா, எந்த ஏழைக்கு எவ்வளவு உதவி என்று ஊர் வம்பெல்லாம் அதில் இருக்கிறது. தேசிய நூலகமோ பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கவே வசதி செய்திருக்கிறது, அதுவும் இலவசமாக.

1855க்கு அந்தரங்கப் பிரச்சினையும் இல்லை. பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு கழிந்த பிறகே இணையத்தில் படம் காட்டுவோம் என்ற உங்கள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

அந்த ஒரு வருடத்தை மட்டும் இலவசமாகத் திறந்துவிடுங்கள். அதுவே அதிகம் என்றால் இறப்புப் பதிவேட்டை மட்டுமாவது. கின்கார்டின்ஷயரிலிருந்து தொடங்கினால் எனக்குச் சௌகரியம், வற்புறுத்த மாட்டேன்.

அன்புடன்,
மலையகத்து வாசகர் ஒருவர்